தேய்மானத்தைச் சொல்லும் டிரைவர் நிரலை ரிவியூ செய்வது எப்படி?

முப்பந்தலில் ஒரு காற்றாலையின் அடியில், விநாடிக்கு விநாடி காற்றின் வேகத்தைப் பதிந்துகொண்டிருந்த சிறிய லினக்ஸ் பெட்டி ஒன்று ஆடிக் காற்று உச்சத்தில் இருந்தபோது நின்றுபோனது. உள்ளிருந்த இஎம்எம்சி (போர்டிலேயே பொருத்திய ஃபிளாஷ் சேமிப்பு) சிப் எழுதி எழுதியே தேய்ந்திருந்தது. ஆனால் கண்காணிப்புத் திரையில் கடைசி நாள்வரை ‘தேய்மானம் 0%’ என்றே இருந்தது. அந்த 0-ஐத் தந்த டிரைவரில், அதாவது சிப்போடு பேசும் நிரலில், செய்த மாற்றத்தைப் படித்து ஒப்புதல் கொடுத்தவன் நான். அன்று நான் பார்க்கத் தவறியவற்றை வைத்தே இதை எழுதுகிறேன். சி மொழி ஓரளவு படிக்கத் தெரிந்தால் போதும்.

முதல் படி, பைட் எண்கள். இஎம்எம்சிக்கான விதிகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேட்சை, அதாவது ரிவியூவுக்கு வந்த நிரல் மாற்றத்தை, திறவுங்கள். இஎம்எம்சி தன் விவரங்களை எக்ஸ்ட் சிஎஸ்டி என்ற 512 பைட் பதிவேட்டில் வைத்திருக்கிறது. 267-ஆவது பைட் முன்னெச்சரிக்கை: 1 என்றால் இயல்பு, 2 என்றால் மாற்றுக்கென ஒதுக்கிய பிளாக்குகளில் 80% தீர்ந்துவிட்டது, 3 என்றால் அவசரம். 268, 269 இரண்டும் சிப்பில் உள்ள ஏ, பி என்ற இரு வகை நினைவகப் பகுதிகளின் தேய்மானம். இவற்றை ஒப்பிட ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாம் படியில்தான் நான் சறுக்கினேன். தேய்மான பைட்டுகள் 2013-இல் வந்த இஎம்எம்சி 5.0 பதிப்பிலிருந்துதான் உண்டு. அதற்கு முந்தைய சிப்களில் அந்த இடம் காலி. படித்தால் 0 வரும். ஆகவே 192-ஆவது பைட்டில் உள்ள பதிப்பு எண் 7 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று நிரல் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் பெட்டியில் இருந்தது பழைய சிப். நிரல் பதிப்பைப் பார்க்கவில்லை. காலி இடத்தின் 0-ஐ எடுத்து ‘0%’ என்று காட்டிவிட்டது. புதிய சிப்பிலும்கூட 0-க்குப் பொருள் ‘வரையறுக்கப்படவில்லை’ என்பதே. தெரியாததை நலம் என்று சொல்லும் நிரலை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். ‘ஆதரவில்லை’ என்ற பிழைக் குறியைத் திருப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் கணக்கு. தேய்மான பைட்டில் 1 என்றால் 0 முதல் 10% வரை தேய்ந்தது, 10 என்றால் 90 முதல் 100% வரை, 11 என்றால் மதிப்பிட்ட ஆயுளைத் தாண்டிவிட்டது. பலர் ஒன்றைக் கழித்துப் பத்தால் பெருக்குவார்கள். 0 வந்தால் விடை -10. அதைக் குறியில்லாத 8 பிட் மாறியில் போட்டால் 246 ஆகிவிடும்! லினக்ஸ் கெர்னலின் டிரைவர் இரண்டு தேய்மான எண்களையும் கணக்குப் போடாமல் அப்படியே சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) தருகிறது. எனக்கு அதுவே நல்ல வழியாகப் படுகிறது.

பெயரையும் பாருங்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவரிடம் வெட்டின பட்டை எவ்வளவு என்று கேட்பதும், மிச்சப் பட்டை எவ்வளவு என்று கேட்பதும் வேறு வேறு. சிஸ்எஃப்எஸ்ஸில் ‘லைஃப் டைம்’ என்று வருவது கழிந்த ஆயுள். என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகள் தரும் சதவீதமும் கழிந்ததுதான். அது 100-ஐத் தாண்டி 255 வரை போகலாம், ஆகவே 100-இல் வெட்டிவிடக் கூடாது. சாட்டா வகை எஸ்எஸ்டிகள் சிலவற்றிலோ எண் மிச்ச ஆயுளைச் சொல்லும், 100-இல் தொடங்கி இறங்கும். வெட்டின பட்டை வளரும், ஃபிளாஷ் செல் வளராது. இரண்டையும் குழப்பினால் இழப்பு நிரந்தரம்.

அடுத்து, மதிப்பை எப்போது படிக்கிறார்கள்? சிப்பைக் கண்டறியும்போது ஒரே தடவை படித்து வைத்துக்கொண்டால், மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும் பெட்டி பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். கேட்கும்போது புதிதாகப் படிக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்த எண் எப்போதையது என்பதாவது ஆவணத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாகச் சோதனை. கணக்குப் போடும் செயற்கூற்றுக்கு 0, 1, 10, 11, 255 ஆகியவற்றைக் கொடுத்து ஓட்டுங்கள். நிஜ சிப் கையில் இருந்தால் எம்எம்சி யூட்டில்ஸ் கருவியால் பதிவேட்டை எடுத்து ஒப்பிடலாம்.

கருத்து எழுதும்போது ‘தப்பு’ என்று மட்டும் எழுதினால் எழுதியவருக்குப் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: “பதிப்பு 7-க்குக் கீழ் இருந்தால் 268-ஆவது பைட் 0 வரும், இந்த வரி அதை 0% என்று காட்டும். இங்கே பதிப்பைச் சோதித்துப் பிழைக் குறியைத் திருப்ப முடியுமா?”