சேலத்தின் பின்கோடு பகா எண்தானா? பெரிய எண்களைச் சோதிக்கும் முறை

மாலை வேளையில் கணக்கு டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் பகா எண்களைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடான 636001 என்ற எண்ணைத்தான் கரும்பலகையில் முதலில் எழுதுவேன். 1-ஐவிடப் பெரியதாய், 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது பகா எண். ஆகவே இந்த எண்ணை வேறு எது வகுக்கும் என்று தேட வேண்டும்.

முதல் படி, தேட வேண்டிய எல்லையைக் குறித்துக்கொள்வது. ஓர் எண்ணை இரண்டு காரணிகளாகப் பிரித்தால் அவற்றுள் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 797-இன் வர்க்கம் 635209, 798-இன் வர்க்கம் 636804. எனவே 797 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்.

இரண்டாம் படி, வகுப்பது. ஏற்காட்டின் பின்கோடான 636601 ஏழாம் வாய்ப்பாட்டிலேயே அகப்பட்டுவிடும்: 7 × 90943. சேலத்து எண் அவ்வளவு எளிதில் பிடிகொடுக்காது. 53-ஆல் வகுத்தால் மீதி 1, 241-ஆல் வகுத்தால் மீதி 2 என்று நழுவிக்கொண்டே போய், 118-ஆவது பகா எண்ணான 647-இல்தான் சிக்குகிறது: 647 × 983 = 636001. பாதி வழியில் சலித்துப்போய்ப் ‘பகா எண்’ என்று விடை எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு. அந்த அவசரம் கூடாது என்பதற்காகவே இந்த எண்ணை விரும்பி எடுக்கிறேன்.

ஆறு இலக்கத்துக்கே 118 முறை வகுக்க வேண்டுமென்றால், 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணுக்கு இந்த வழி உதவாது. அது 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது. இவ்வடிவில் உள்ளவற்றை மெர்சென் எண்கள் என்பர். இவற்றுக்கென்றே பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா கண்டறிந்து, பின்னர் அமெரிக்கரான லெமர் செப்பனிட்ட சோதனை ஒன்று உண்டு. அதில் காரணியைத் தேடும் வேலையே இல்லை.

அதைச் சிறிய எண்ணில் செய்து பழகுவது மூன்றாம் படி. 2-இன் 7-ஆம் அடுக்கு 128. 1-ஐக் கழிக்க 127. இப்போது 4-இல் தொடங்கி, கையிலுள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவாக, அதாவது ஐந்து முறை, இவ்வாறு செய்ய வேண்டும். முதலில் 14 வரும். அடுத்து 194, மீதி 67. பிறகு 67 × 67 − 2 = 4487, மீதி 42. அதன்பின் 1762, மீதி 111. கடைசியாக 111 × 111 − 2 = 12319; இது சரியாக 97 × 127, ஆகவே மீதி 0. இறுதியில் சுழியம் வந்தால் அந்த எண் பகா எண். வராவிட்டால் பகு எண். அடுக்கு 2-ஐவிடப் பெரிய பகா எண்ணாக இருக்கும்போது மட்டுமே இந்த முறை பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுக்கு பகா எண்ணாக இருந்துவிட்டால் மட்டும் விடையும் பகா எண்ணாகிவிடாது. அடுக்கை 11 என்று வைத்து 2047-ஐ ஒன்பது முறை இவ்வாறே சோதித்துப் பாருங்கள். கடைசியில் 1736 மீதி நிற்கும், ஏனெனில் 2047 என்பது 23 × 89.