வேலி போடுவதற்கு முன்னால் பேச வேண்டியவர்கள்

ஆஸ்திரேலியாவில் ஒரு பழைய மாட்டுப் பண்ணையைத் திரும்ப வன உயிர்க் காப்பகமாக்கும் வேலையில் இருக்கிறீர்களா? பூர்வகுடி மக்களுக்கு வேலை தருவோம் என்ற வரி உங்கள் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தால், முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். சிறு விலங்குகளைத் தின்னும் பூனைகளைத் தடுக்கும் வேலிக்குக் கோடு கிழிப்பதற்கு முன்பே அந்த மண்ணுக்கு உரிய பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது, எந்த இடத்தைப் பற்றி யார் பேசலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும், அது ஒரே கூட்டத்தில் முடிகிற பேச்சும் இல்லை.

அப்புறம், அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் திறமைக்குச் சம்பளம் கொடுங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே உள்ள நியூஹேவன் காப்பகத்தில் 2018இல் 44 கிலோமீட்டர் வேலி போட்டு, சுமார் 9,400 ஹெக்டேரை வளைத்தார்கள். வேலி போட்டாயிற்று, சரி, உள்ளே மாட்டிக்கொண்ட பூனைகளை என்ன செய்வது? ஐரோப்பியர் கொண்டுவந்து காடேறிய இந்தப் பூனைகள் மாலா என்ற சிறு வாலபியை (கங்காரு இன விலங்கு) ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் காடுகளில் இல்லாமல் ஆக்கியதில் பெரும் பங்கு வகித்தவை. மணலில் பதிந்த தடத்தைப் பார்த்தே பூனை எப்போது போனது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லத் தெரிந்த, அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வார்ல்பிரி மக்கள்தான் அவற்றைத் தேடிப் பிடிப்பதில் முன்னே நின்றார்கள். இது நிபுணர் வேலை. ஏட்டில் 'உதவியாளர்' என்று எழுதி, கூலியைக் குறைத்துவிடாதீர்கள்.

பயிற்சியை வகுப்பறையில் அடைக்காமல் களத்திலேயே நடத்துங்கள். சூழல் மேலாண்மையில் சர்ட்டிபிகேட் 2, 3 படிப்புகள் உண்டு, ஆனால் பலருக்கு முதலில் தேவைப்படுவது ஓட்டுநர் உரிமம். வேலை அட்டவணையில் துக்கச் சடங்குகளுக்குத் தாராளமாக இடம் விடுங்கள், ஒரு சாவுக்கு ஊரே வாரக்கணக்கில் போய்விடும், அதற்காக யாருடைய வேலையும் போகக் கூடாது.

வேலி வேலை முடிந்ததும் சம்பளமும் நின்றுபோகாமல் இருக்க, சமூகத்துக்கென்று ஒரு சொந்த நிறுவனம் வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பூர்வகுடி நிறுவனங்களைப் பதிவு செய்ய ஓரிக் என்ற தனி அலுவலகம் இருக்கிறது. 2015 முதல் மத்திய அரசு தன் கொள்முதலில் ஒரு பங்கைப் பூர்வகுடித் தொழில்களுக்கு ஒதுக்குகிறது. காப்பகத்தின் பாதை பராமரிப்பு, களை எடுத்தல், முன்கூட்டியே தீ வைத்துப் பெருந்தீயைத் தடுப்பது, முகாம் சமையல் எல்லாவற்றையும் அந்த நிறுவனத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுங்கள். ஒரு வருட ஒப்பந்தத்தை நம்பி யாரும் வண்டி வாங்க முடியாது. குறைந்தது மூன்று வருடம் எழுதுங்கள்.