ஷோப்பானின் ‘வீர’ பொலோனைஸ்: வாசிப்பவர்கள் தடுமாறும் இடங்கள்

1842-இல் போலந்து இசையமைப்பாளர் ஷோப்பான் பியானோவுக்காக எழுதிய ஏ ஃபிளாட் மேஜர் பொலோனைஸைக் (இதுதான் ‘வீர’ பொலோனைஸ்) கையில் எடுப்பவர்கள் முதலில் கோட்டை விடுவது வேகத்தில்தான். பொலோனைஸ் என்பது போலந்தில் ஜோடி ஜோடியாக, நெஞ்சை நிமிர்த்தி நடந்து போகும் ஊர்வல நடனம். ஓடினால் அது நடனமே இல்லை. இந்தப் படைப்பை யாரோ வேகமாக வாசிக்கக் கேட்டு மனம் நொந்ததாக ஷோப்பான், பியானோ கலைஞர் சார்லஸ் ஹாலேயின் தோளில் கைவைத்துச் சொன்னார். ஹாலேயே அதைப் பதிவு செய்திருக்கிறார். நம் வாசிப்பைக் கேட்டால் ஷோப்பான் என்ன சொல்லியிருப்பாரோ!

முன்னுரைப் பகுதியில் பறந்துவிட்டு, பதினேழாவது பாரில் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) முக்கிய மெட்டு வந்ததும் திடீரென வேகத்தைக் குறைப்பதும் இதே தவறுதான். ஆரம்பத்திலிருந்தே அந்த மெட்டின் நடையை மனதுக்குள் எண்ணுங்கள். ‘தாம் தகதாம் தாம் தாம் தாம்’ என்ற பொலோனைஸ் தாளம் இதில் சில இடங்களில்தான் வெளிப்படையாகக் கேட்கும். மற்ற இடங்களில் அதை நாம்தான் உள்ளே சுமக்க வேண்டும்.

அடுத்தது, எல்லோரும் பயப்படும் ஈ மேஜர் பகுதி. இடது கை ஈ, டி ஷார்ப், சி ஷார்ப், பி என நான்கே ஆக்டேவ்களை (ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து வாசிப்பது) திரும்பத் திரும்ப உருட்டுகிறது. ஒரு பாருக்குப் பன்னிரண்டு. எட்டுப் பார் தாண்டுவதற்குள் முன்கை கல்லாகிவிடும். பெரும்பாலும் காரணம் பலக்குறைவு இல்லை. ஒவ்வொரு ஆக்டேவையும் தனித்தனியாக அடிப்பதுதான். நான்கில் முதலாவதற்கு மட்டும் எடை கொடுங்கள், மற்ற மூன்றும் அதே அசைவில் உருண்டு வரட்டும். கை கட்டைகளை விட்டு மேலே எழவே வேண்டாம். சில நாள் கட்டைவிரலை மட்டும் வைத்து வாசியுங்கள், அப்புறம் சுண்டுவிரலை மட்டும். வலித்தால் உடனே நிறுத்துங்கள். வலியோடு பழகினால் கை அந்த இறுக்கத்தையே கற்றுக்கொள்ளும்.

அந்தப் பகுதி தணிந்த ஒலியில் தொடங்க வேண்டும். தூரத்தில் குதிரைப்படை வருவது போல. முதல் பாரிலேயே முழக்கினால், பிறகு பெருக்க எதுவும் மிஞ்சாது. ஒலியை நீட்டிக்கும் கால் பெடலை அழுத்தியே வைத்தால் ஆக்டேவ்கள் குழம்பி, மேலே வரும் மெட்டு மூழ்கிப்போகும்.

ஆக்டேவ்கள் ஓய்ந்ததும் மென்மையான ஒரு பகுதி வருகிறது. களைத்த கை அதை இளைப்பாறும் இடமாக நினைத்து அவசரமாகக் கடந்துவிடுகிறது. எனக்கு அதுதான் இதில் மிக அழகான இடம். அதைக் கடைசிக்கு ஒதுக்காமல், கை புதிதாக இருக்கும்போதே முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.