ஒற்றை வரி பட்ஜெட்டை உடைத்தேன்

கொழும்பு செட்டியார் தெருவின் வயதான பொற்கொல்லர்களைப் பேசவைத்துப் பதிவுசெய்ய, பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தேன். முதல் முறை திரும்பி வந்தது. ‘பயணமும் கருவியும்: 60,000 ரூபாய்’ என்று எழுதிய வரியின் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு கேள்விக்குறி.

சரி, அந்த வரியைப் பிரித்து எழுதினேன். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு எத்தனை தடவை பஸ், ஒலிப்பதிவுக் கருவி வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா, ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம். இரண்டு கடைகளில் கோட்டேஷனும் வாங்கினேன்.

அப்புறம், பேசும் ஐயாமாருக்குத் தமிழிலேயே சம்மதப் படிவம். பணக்கணக்கைவிட இதுதான் முக்கியம், பலர் விட்டுவிடுகிறார்கள். ஆடி மாதத்தில் முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் விழாவின் தேர் புறப்படும் தெரு அது. அதனால் பதிவுகளை ஆவணிக்குத் தள்ளினேன்.

இரண்டாம் முறை நிதி கிடைத்தது. முதல் பதிவில் பேச்சுக்கு நடுவே சின்னச் சுத்தியலின் டக் டக். அதை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.