முட்டிச் சில்லு வலி: உள்தசையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒருவருக்கு முட்டி வலித்தால் முதலில் வயதின் மேல் பழி விழும். வயது இருபத்தைந்துதான் என்றால் பழி காற்றின் மேல் போகும். இப்போது கைப்பேசிக் காணொளிகள் புதிதாக ஒரு குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்திருக்கின்றன: தொடையின் உள்தசை. 'அது தூங்குகிறது, எழுப்புங்கள்' என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் மாதக்கணக்கில் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

முட்டியின் முன்னால் இருக்கும் சில்லு எலும்பைச் சுற்றியோ அதன் பின்னாலோ மந்தமாக எழும் வலி இது. குந்தினால், படி இறங்கினால், நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கூடும். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அக்காவைக் கவனித்திருக்கிறீர்களா? முழுதாகக் குந்தாமல், நிமிரவும் செய்யாமல், ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்கு நகர்வார். சாக்கைத் தூக்கும்போது ஒரு கை தானாகத் தொடையை ஊன்றும். அவரே பட்டணத்துக் கடைவீட்டு மாடியிலிருந்து இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குவார். அந்த வலிதான்.

முன்தொடையின் நான்கு தசைகள் சேர்ந்து சில்லை மேலே இழுக்கின்றன. வெளிப்பக்கத் தசை அதைச் சற்று வெளியே இழுக்க, சில்லுக்கு மேல் உட்புறத்தில் புடைத்து நிற்கும் உள்தசையின் சாய்ந்த இழைகள் உள்ளே பிடித்து வைக்கின்றன. 2001இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் தோலின் மேல் மின்வாய்களை ஒட்டி, படி ஏறி இறங்கும்போது இந்தத் தசைகள் எழுப்பும் மின்சைகைகளைப் பதிவு செய்தார்கள். வலி உள்ளவர்களிடம் வெளித்தசை முந்திக்கொண்டது, உள்தசை பிந்தியது. தாமதம் மில்லிவினாடிக் கணக்கில்தான். காணொளிக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கதை அதற்குப் பிறகுதான் சிக்கலாகிறது. பின்வந்த ஆய்வுகளில் சில அந்தத் தாமதத்தைக் கண்டன, சில காணவில்லை. வலியே இல்லாதவர்களில் சிலரிடமும் அது இருந்தது. நல்ல முட்டியில் உப்புநீர் ஊசி போட்டுச் செயற்கையாக வலியை உண்டாக்கியபோதும் உள்தசை பிந்தியது. அப்படியானால் தாமதத்தால் வலி வந்ததா, வலியால் தாமதம் வந்ததா? இரண்டும் கலந்திருக்கலாம். ஒவ்வொருவர் முட்டியிலும் ஒரே கோலம் இல்லை என்பது மட்டும் உறுதி.

ஆகவே உள்தசையை மட்டும் தனியாக வேலை வாங்க முயல்வதுதான் பெரிய தவறு. பாதத்தை வெளியே திருப்பிக் காலைத் தூக்குவது, தொடைகளுக்கு நடுவே பந்தை அழுத்துவது எல்லாம் இதற்காகச் சொல்லப்படுபவை. பயிற்சியாகக் கெடுதல் இல்லை. ஆனால் நான்கு தசைகளுக்கும் கட்டளை கொண்டுவருவது ஒரே தொடை நரம்பு. நாம் விரும்பியபடி ஒன்றை மட்டும் எழுப்பி மற்றவற்றைத் தூங்க வைக்க முடியாது. முன்தொடை முழுவதும் வலுப்பெறும்போது உள்தசையும் சேர்ந்தே வலுப்பெறுகிறது.

தசை மின்சைகையை அளக்கும் கருவி காட்டும் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் அப்படித்தான். தோலடிக் கொழுப்பு, மின்வாய் ஒட்டிய இடம் எல்லாம் எண்ணை மாற்றும். ஒருவரின் அதிகபட்ச பலத்தோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். வலிக்கும் காலால் யார் முழுப் பலத்தைக் காட்டுவார்கள்?

ஜிம்மில் உட்கார்ந்து காலை நீட்டி எடை தூக்கும் இயந்திரம் பலருக்குப் பிடிக்கும், தொடை எரிவது உடனே தெரியும் என்பதால். முட்டி ஏறக்குறைய நேராகும் கடைசிக் கட்டத்தில்தான் அது சில்லின் பின்புறத்தை அதிகம் அழுத்துகிறது. 90 பாகை மடிப்பிலிருந்து 45 வரை (நேரான கால் 0 பாகை) மட்டும் நீட்டினால் அழுத்தம் குறைவு. நின்றபடி குந்தும் பயிற்சியில் நேர்மாறு: 45 பாகை வரை மடிப்பது இலகு, ஆழமாகக் குந்தக் குந்தச் சுமை ஏறும்.

இடுப்பை மறப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒற்றைக் காலில் மெல்ல மடிந்து கண்ணாடியில் பாருங்கள். முட்டி உள்ளே சாய்கிறதா? இடுப்பின் பக்கத் தசையும் பின்தசையும் சேராமல் தொடையை மட்டும் பழக்கினால் அரைவேலைதான். இரண்டையும் சேர்த்துப் பழக்குவதையே நிபுணர்களின் வழிகாட்டுதல்கள் முன்வைக்கின்றன.

முட்டி உறை, மருந்து எண்ணெய் இவற்றோடு பகையில்லை. சில்லை நாடாவால் ஒட்டும் முறையை 1986இல் ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜென்னி மெக்கானல் எழுதிப் பரப்பினார். அதுவும் சிறிது காலம் வலியைக் குறைக்கக்கூடும். பயிற்சி செய்ய அந்த நிம்மதி உதவட்டும், பயிற்சிக்கு மாற்றாக வேண்டாம். படுத்தே கிடப்பதும் தவறு, தசை மெலியும். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பத்துமலையின் 272 படிகளுக்குத் திடீரென்று தயாராவதும் தவறு. ஏறுவதைவிட இறங்குவதுதான் பலருக்கு வலிக்கும்.

பயிற்சியில் இலேசான வலி இருந்து மறுநாள் காலைக்குள் தணிந்தால் தொடரலாம், தணியாவிட்டால் எடையையோ எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கொடுங்கள். முட்டி வீங்கினால், பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், சூடாகிக் காய்ச்சல் வந்தால், விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டால், பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.