இருப்பைக் கழிக்க ஒரே அப்டேட் போதும்

டேட்டாபேஸில் ஒரு கணக்கில் உள்ள பணத்தைக் குறைக்கும்போது செலக்ட் (படிக்கும் கட்டளை) போட்டுப் படித்து, கோடில் கழித்து, திரும்ப எழுதாதீர்கள். ‘இருப்பு 800 அல்லது அதற்கு மேல் இருந்தால் 800 கழி’ என்று நிபந்தனையையும் சேர்த்து ஒரே அப்டேட்டாக (மாற்றும் கட்டளை) எழுதிவிடுங்கள். அப்புறம் அட்டவணையில் எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள்: 1 என்றால் சரி, 0 என்றால் பணம் போதவில்லை. இதற்காக ஐசொலேஷன் லெவலை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் அளவை, ஏற்ற வேண்டாம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இயல்பாக இருக்கும் ரீட் கமிட்டட் லெவலே போதும்.

1,000 ரூபாய் உள்ள கணக்குக்கு இப்படி இரண்டு கோரிக்கைகள் ஒன்றாக வந்தால், இரண்டாவது அப்டேட் அந்த வரிசையின் பூட்டுக்காகக் காத்திருக்கும். முதலாவது கமிட் ஆனதும் (மாற்றம் உறுதியாகப் பதிவானதும்), புதிய இருப்பான 200-ஐ வைத்து நிபந்தனையை மறுபடி சோதிக்கும். படித்துவிட்டு எழுதும் முறையிலோ இரண்டுமே 1,000-ஐப் பார்த்து 200 என்று எழுதும். 1,600 ரூபாய் வெளியே போயிருக்கும்.

விதி பல வரிசைகளைத் தொட்டால் இது உதவாது. ‘இரவுப் பணியில் ஒரு மருத்துவராவது இருக்க வேண்டும்’ என்ற விதியில், இருவர் ஒரே நேரத்தில் விலகினால் மாறுவது வெவ்வேறு வரிசைகள், பூட்டு மோதாது. அங்கே சீரியலைசபிள் லெவல் (பரிவர்த்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போன்ற விளைவைத் தருவது) வேண்டும். பரிவர்த்தனைகள் மோதியதைச் சொல்லும் 40001 பிழை வந்தால் முழுப் பரிவர்த்தனையையும் மறுபடி ஓட்டும் கோடையும் கூடவே எழுதுங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான்.