வேப்பெண்ணெய் அடித்தும் நோய் கேட்கவில்லையா? மிளகாய்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலாடி, சாயல்குடி பக்கம் முண்டு மிளகாய் போட்டவர்களிடம் பேசினால், "வேப்பெண்ணெய் அடிச்சோம், ஒண்ணும் கேக்கல" என்ற பேச்சு வரும். மருந்தைக் குறை சொல்லும் முன் எந்தத் தண்ணீரில் கலந்தீர்கள் என்று பாருங்கள்.

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உவர். அதில் சோப்பு நுரைக்காது, திரிந்துபோகும். சோப்பு கரையாவிட்டால் எண்ணெய் தண்ணீரோடு சேராமல் மேலே மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் வெறும் எண்ணெய் வரும். பாதிச் செடிக்கு மருந்தே போயிருக்காது, மீதிச் செடியில் இலை கருகிக் கிடக்கும். போதாததற்கு, வேம்பில் மருந்தாக வேலை செய்யும் அசாடிராக்டின் என்ற சத்து காரத்தன்மை உள்ள தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் ஊருணித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோதான் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் இதற்கா பஞ்சம்? கொஞ்சம் தண்ணீரில் சோப்பைக் கரைத்து, எண்ணெயை ஊற்றி, பால் மாதிரி வெளுக்கும்வரை கலக்கிய பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். 3 சதவீதம் என்றால் 10 லிட்டருக்கு 300 மில்லி. இயற்கை மருந்துதானே என்று இரண்டு பங்கு ஊற்றினால் இலைதான் கருகும்.

வேப்பங்கொட்டைச் சாறு என்றால் 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பம் பருப்பு. இடித்து, துணியில் கட்டி, ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிழிய வேண்டும். காய்ச்சக் கூடாது. மிச்சத்தை மறுநாளைக்கு எடுத்து வைப்பதும் வீண். ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கி, கொட்டையை நிழலில் உலர்த்தி வைத்தால் மழைக்காலத்துக்குச் சரியாக மூன்று மாதம் ஆகியிருக்கும். 8, 10 மாதம் தாண்டிய கொட்டையில் வீரியம் குறைந்துவிடும்.

இலை சுருண்டாலே பூஞ்சை நோய் என்று நினைப்பது அடுத்த தவறு. மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கி வளைந்தால் சிலந்திப்பேன். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரியாலும் இலை சுருளும். அதற்குப் பூஞ்சை மருந்து எதை அடித்தும் பயனில்லை. இலையில் மாவு தூவினாற்போல் சாம்பல் படிந்தாலோ, பழத்தில் குழிந்த புள்ளியும் அதற்குள் கருப்புப் பொட்டுகளும் தெரிந்தாலோ அது பூஞ்சை.

அப்புறம், இலைச்சாறெல்லாம் நோய் வருமுன் காப்பவை. சாம்பல் நோயை ஆரம்பத்தில் வேப்பெண்ணெய் மட்டுப்படுத்தும். ஆனால் நுனி கருகி, பழம் அழுகி, வயலே காயத் தொடங்கிய பிறகு எந்தச் சாற்றையும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அழுகிய பழத்தைப் பறித்து வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரிப்பதுதான் முதல் வேலை.

உச்சி வெயிலில் தெளிக்க வேண்டாம். கடல்காற்று எழுந்துவிட்டால் மருந்து பக்கத்து வயலுக்குத்தான் போகும். காற்று அடங்கிய நேரமாக, காலையிலோ சாயங்காலமோ பாருங்கள். தெளித்த பின் மழை பெய்தால் மறுபடி தெளிக்கத்தான் வேண்டும். கந்தகம் அடித்த செடிக்கு இரண்டு வாரமாவது வேப்பெண்ணெய் ஆகாது, இலை வெந்துவிடும்.

நெல் போட்டவர்கள் சீமைக்கருவேலத்தைத் திட்டிக்கொண்டே அதன் இலையை மறந்துவிடுகிறார்கள். நெல்லில் வரும் இலையுறை அழுகல் நோய்க்கு அந்த இலைப்பொடிச் சாறு பரிந்துரையில் உள்ளது. கதிர் வெளிவராமல் பொதியில் இருக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து மறுமுறை தெளிக்க வேண்டும்.

மிளகாய்க்கு விதை எடுக்கும்போது புள்ளி விழுந்த பழத்தை ஒதுக்குங்கள். பழ அழுகல் விதையோடு அடுத்த வருஷத்துக்கும் வரும்.